முக்கால் எச்.பி. மோட்டார்

முருங்கைக்காய்ச் சக்கை மட்டும் போடக் கூடாதுங்க தம்பி, மத்தபடி அது எதைப் போட்டாலும் அரைச்சுத் தள்ளிப்போடும். வாழைத்தண்டு, கரும்புச் சக்கை, இந்த மாதிரி நார் இருக்கறதும் ஆகாது. மோட்டார் மாட்டுன பீர் முகம்மது அன்னைக்கே தெளிவாச் சொல்லிப்போட்டுத்தான் போனாரு. "சோறும் அளவாப் போடுங்கக்கா, குழாய்க்குள்ள போயி உப்பிக்கும்"னாரு. அதை நான்தான் காதுல வாங்கலை. அந்த மட்டுக்கும் தப்பு என்ற மேலதான், எழுதிக்கோங்க.

உக்காருங்க. கார்ப்பரேசன்லிருந்து சாக்கடையப் பாக்க வந்தவருன்னா நின்னுட்டேதான் பேசோணுமா என்ன. இந்தாங்க, மோர். பின்னால ஊட்டு சென்னியம்மாள் எழுதிப் போட்ட புகார்தானுங்களே அது. அவுங்க மாட்டுச்சாளைக்குள்ள சாக்கடைத் தண்ணி ஏறிப்போச்சு. மூடியத் தொறந்து பாத்தா, குழாய் முழுக்க வெள்ளையா களியாட்டம் சோறு அடைச்சுட்டு இருக்குதுன்னு சொல்றீங்க. ரெண்டே பேரு இருக்கற ஊட்டுலிருந்து இத்தனை சோறு எப்படி வந்துதுன்னு கேக்கறீங்க. நல்ல கேள்விதான். மொதல்லருந்து சொல்லிப்போடறேன்.

அந்தச் சத்தமா? அது ஒண்ணுமில்லீங்க. உள்ரூம்புல எங்கூட்டுக்காரரு படுத்திருக்காரு. ரெண்டரை மாசத்துக்கு முன்னால பக்கவாதம் வந்து வலது பக்கம் பூரா விழுந்துபோச்சு, பேச்சும் போயிருச்சு. இடது கை மட்டும் நல்லா வேலை செய்யுது. அதுலதான் கட்டில் சட்டத்தைத் தட்டிட்டு இருக்காரு. சாப்பாட்டு நேரமானாத் தட்டுவாரு, கொஞ்சம் பொறுத்தா நின்னுபோகும்.

சிங்குக்கு அடியில, மிச்சம் மீதிய அரைச்சுச் சாக்கடைக்குத் தள்ளற இந்த மோட்டாரை வெக்கறதா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேனுங்க. நான் எதையும் பட்டுன்னு செய்யற ஆளில்லை. வெச்சா ஈ மொய்க்காது, நாத்தம் இருக்காது, மக்கற குப்பை மக்காத குப்பைன்னு உங்க ஆளுங்ககிட்டத் தெனம் பேச்சு வாங்க வேண்டியதில்லை. வெச்சா தண்ணி கூட ஆகும், அது ஒரு யோசனை. இந்த வடவள்ளியில தண்ணி வர்ற நாளைக் காலண்டர்ல குறிச்சு வெச்சுத்தான் குடும்பம் நடத்தறோம். அடுத்தது சென்னியம்மாளோட மாடு. அதுதான் எனக்கு நெம்ப நெருடலா இருந்துச்சு.

எங்க தெருவுல பழக்கம் என்னன்னா, எல்லார் ஊட்டுப் பொறவாசல்லயும் ஒரு பக்கெட் இருக்கும். அரிசி களைஞ்ச தண்ணி, காய்த்தோல், மிச்சம் மீதி எல்லாம் அதுலதான் ஊத்துவோம். பொழுதோட சென்னியம்மாள் வந்து கழனித்தண்ணிய எடுத்துட்டுப் போயி மாட்டுக்கு வெச்சுப்போட்டு, பக்கெட்டைக் கழுவிக் கொண்டாந்து கவுத்துட்டுப் போவாங்க. நல்ல மனுசி. ஆனா அந்தக் கழனியப் பாத்தே ஒரு ஊட்டுச் சமாச்சாரம் அத்தனையும் சொல்லிப்போடுவாங்க. ஒறம்பரை வந்திருந்தாத் தெரிஞ்சுக்குவாங்க. புருசம் பொண்டாட்டி பேசிக்கலைன்னாலும் தெரிஞ்சுக்குவாங்க. போலீசுல சேத்திருந்தா இந்நேரம் பெரிய அதிகாரி ஆகியிருப்பாங்க.

அவுங்கதான் ஒரு நாள் பக்கெட்டைக் கையில புடிச்சுட்டே கேட்டாங்க.

"ஏனக்கா, ஒரு வாரமா இட்டிலி முழுசு முழுசாக் கெடக்குது. சோறு பெசையாம வெச்சது வெச்சபடி கெடக்குது. அண்ணன் சாப்புடறதில்லீங்களா?"

"வாய்க்குப் புடிக்கலையாட்ட இருக்குது"ன்னேன்.

"நான் வேணும்னா வந்து ஊட்டி உடட்டுங்களா? என்ற மாமியாளுக்கு ரெண்டு வருசம் ஊட்டுனவ நானு. எனக்கு என்ன சோலி கெடக்குது."

தங்கமான பேச்சுத்தான். அதோட யோசனைய நிறுத்திப்போட்டு, அடுத்த நாள் காலையிலேயே கடைக்குப் போயிட்டேன்.

கடைக்காரரு அரை எச்.பி.யும் காட்டுனாரு, முக்கால் எச்.பி.யும் காட்டுனாரு. எங்கூட்டுக்காரரு பம்புசெட்டு கம்பெனியில முப்பத்திரண்டு வருசம் போர்மேனா இருந்தவரு. அவரைக் கேக்காம இந்த ஊட்டுல ஒரு மிக்சிகூட வாங்குனதில்லை. அதனால கடையில குடுத்த காயிதத்தைக் கொண்டாந்து அவரு மொகத்துக்கு நேராப் புடிச்சுக் காட்டி, "ஏனுங்க, முக்காலே எடுத்துறட்டுங்களா"ன்னு கேட்டேன். கட்டிலைத் தட்டுனாரு. சரிங்கறாருன்னு எடுத்துக்கிட்டேன்.

பீர் முகம்மது அரை நாள்ல மாட்டிக் குடுத்துட்டாரு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மோட்டாருங்க. ஒரு வட்டல் சோத்தைத் தள்ளி உட்டா, பத்து எண்ணறதுக்குள்ள சிங்கு பளிச்சுன்னு ஆயிரும். கேள்வி கேக்காது. அன்னையிலிருந்து பொறவாசல்ல பக்கெட் வெக்கறதை நிறுத்திப்போட்டேன். முப்பது நாளுக்கு மேல ஆச்சு. சென்னியம்மாளுக்கு என்ற மேல கோவந்தான், வர்றதுமில்லை, பேசறதுமில்லை. அவுங்க மாடு எளச்சுப்போச்சு. மாடியிலிருந்து பாத்தா விலா எலும்பு எண்ணலாம். எனக்கு மனசு ஆறமாட்டேங்குதுங்க. வாயில்லாச் சீவன், பசிக்குதுன்னு யாருகிட்டப் போயிச் சொல்லும்.

சோத்து விசயத்துக்கு வாரேன். மூணு வேளையும் நேரம் தப்பாம வட்டல்ல போட்டு, கட்டிலோரமா ஸ்டூல் மேல வெச்சுப்போட்டு வந்துருவேன். ஸ்டூலு அவருக்கு வலது பக்கம் இருக்குது. சோத்தாங்கை அந்தப் பக்கந்தானுங்களே. பீச்சாங்கையில சாப்புடறது அவருக்கு ஆகவே ஆகாது, இந்தத் தெருவுக்கே தெரியும். மொத ரெண்டு நாள் அவரே அதை மறந்துபோட்டு இடது கையை நீட்டி எட்டப் பாத்தாரு. நான் ஸ்டூலை ஒரு சாண் தள்ளி வெச்சேன்.

ஊட்டி உடக் கூடாதான்னு நீங்க கேப்பீங்க. அவுங்கப்பா சீக்காக் கெடந்தப்போ, இன்னொருத்தரு கையில வாங்கித் திங்கற நெலமை எனக்கு வந்தா அன்னைக்கே போய்ச் சேந்துறோணும்னு சொன்னவருங்க இவரு. என்ற காதால கேட்டேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல அவரு பேச்சை ஒருக்காக்கூட மீறுனதில்லை நான். ஆறுன சோத்தையும் தொடமாட்டாரு. அதனால முக்கால் மணி நேரம் பாத்துட்டு வட்டலை எடுத்துட்டு வந்து மோட்டாரைப் போட்டுருவேன். மாத்திரையை மட்டும் நானே வாயில போட்டு, காப்பியோ மோரோ ஒரு டம்ளர் ஊத்தி உட்டுருவேன். அது டாக்டர் எழுதிக் குடுத்தது, அதுல கொறை வெக்கக் கூடாது பாருங்க.

எழுதறதை ஏன் நிறுத்திட்டீங்க. சாக்கடைக்கு இதுவும் சேந்ததுதான்.

எங்களுக்கு ஒரே புள்ளை, லோகப்பிரியா. அவளுக்குப் பொறந்ததுலருந்து பீச்சாங்கைப் பழக்கம். எழுதறது, பல்லு வெளக்கறது, சாப்புடறது எல்லாம் அதுலதான். அஞ்சு வயசுல அதை நிறுத்தியே ஆகோணும்னு இவரு ஒத்தக்கால்ல நின்னாரு. துண்டை எடுத்து அவ இடது கையை நாற்காலியோட சேத்துக் கட்டிப்போட்டு, வட்டலை முன்னால வெப்பாரு. "சோத்தாங்கையில தின்னாத் திங்கட்டும், இல்லாட்டிக் கழனியில கொட்டு"ம்பாரு. கொட்டறது நானுங்க. ஒருக்கா ரெண்டு நாள் முழுசா அப்படியே போச்சு. அவ பிடிவாதக்காரி, அழுகலை. கட்டுன கையோட வெரலால நாற்காலிச் சட்டத்தைத் தட்டிட்டே இருந்தா.

நான் அடுப்படியில நின்னு அதைக் கேட்டுட்டு இருந்தேன். அவரு கம்பெனிக்குப் போன நேரத்துல ஒரு வாய் ஊட்டியிருக்கலாம். ஊட்டலை. பயந்து செத்தேன். ரெண்டாம் நாள் பொழுதோட அவ சோத்தாங்கையில எடுத்துத் தின்னா. பாதி மடியில சிந்துச்சு. "பாத்தியா, வளைஞ்சுட்டா"ன்னு இவரு சிரிச்சாரு.

அவ கட்டிக்குடுத்துப் போனவ, ஓசூர்ல இருக்கா. ஊட்டுப் பக்கம் அதிகம் வரமாட்டா. ஆனா அப்பன் விழுந்துட்டாருன்னதும் ஓடி வந்துட்டா. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வந்த நாளிலிருந்து பத்து நாள் இங்கதான் இருந்தா. மொத நாளே கட்டிலுக்கு இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ரசஞ்சோத்தைக் கொழையப் பெசைஞ்சு, பீச்சாங்கையில எடுத்து நீட்டுனா. வேணும்னு செஞ்சாளா, அவசரத்துல பழைய கை வந்துருச்சா, எனக்குத் தெரியலை. நான் கதவோரமா நின்னேன். இப்போத் துப்புவாரு, இப்போத் தட்டி உடுவாருன்னு பாத்தேன்.

வாயைத் தொறந்தாருங்க.

கண்ணுல தண்ணியா ஊத்துது. ஒரு வாய் முழுங்கறதுக்குள்ள அடுத்ததுக்குத் தொறந்து வெச்சுட்டுக் காத்திருக்காரு. "இன்னொரு வாய்ப்பா, இன்னொரு வாய்"னு அவ ஊட்ட ஊட்ட, வட்டல் காலியாயிருச்சு. அவ மூஞ்சியத் தொடைச்சு உட்டுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சா. மன்னிச்சுப்போட்டா. அவளுக்கு அந்த மனசு இருக்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தக் கைச்சோறு இப்போ தொண்டைக்குள்ள எறங்குதுன்னா, அன்னைக்கு என்ற கொழந்தை எதுக்கு ரெண்டு நாள் பட்டினி கெடந்துது? நான் எதுக்கு வேடிக்கை பாத்துட்டு நின்னேன்? பத்து நாளும் அவ ஊட்டுனா, பத்து நாளும் அவரு தின்னாரு.

பதினோராம் நாள் அவளைக் காந்திபுரத்துல பஸ் ஏத்தித் தாட்டி உட்டுட்டு வந்தேன். கைகாலைக் கழுவிப்போட்டு, இடது பக்கம் கெடந்த ஸ்டூலைத் தூக்கி வலது பக்கம் போட்டேன். நாப்பது நாள் ஆச்சு.

ஞாயித்துக்கெழமைன்னா வீடியோவுல கூப்புடுவா. "அப்பா சாப்புட்டாராம்மா"ம்பா. "வெச்சிருக்கேன் கண்ணு"ன்னு வட்டலைக் காட்டுவேன். பொய் சொல்லலை. "அப்பா ரொம்ப எளச்சுட்டாரும்மா"ன்னு போன வாரம் அழுதா. சீக்குல அப்படித்தான் கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். அது ஒண்ணுதான் பொய்.

பாருங்க, தட்டறது நின்னுபோச்சு. நாந்தான் சொன்னேனுங்களே.

எந்திரிச்சுட்டீங்க. மோரு அப்படியே இருக்குது. போனை எதுக்குங்க எடுக்கறீங்க, உள்ளாற போயிப் பாத்துப்போட்டே பேசலாம், கதவு சாத்தலை. தெரியாமச் செஞ்சுபோட்டாங்கன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சேதான் செஞ்சேன். அவரு செத்துப்போவாருன்னும் தெரியும். மாசம் முடியறதுக்குள்ள ஆயிரும்னு இருந்தேன். அதுக்குள்ள சாக்கடை அடைச்சுப்போச்சு.

ஆனா பட்டினி போட்டேன்னு எழுதறதா இருந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேனுங்க. அவரு என்ற புள்ளைக்குச் செஞ்சது வேற, நான் செஞ்சது வேற. கட்டிப்போடலை, திட்டலை, சிரிக்கலை. இந்த நாப்பது நாள்ல ஒரு வேளைகூட நான் அவருக்குச் சோறு வெக்காம இருந்ததில்லை. இன்னைக்கும் வெச்சிருக்குது. போயிப் பாருங்க தம்பி, இன்னும் சூடு ஆறியிருக்காது.