ரெண்டு ஊசி

…மூணு பேரு பாத்தாங்க தம்பி, மூணு பேரும் கோட்ட விட்டாங்க! நீங்க கண்ணத் தொறக்காதீங்க, மருந்து விட்டிருக்காங்கல்ல. காது சும்மாதானே இருக்கு, கேளுங்க.

நான் சட்டை தைக்கிறவ. நாப்பது வருஷமா. ஒரு நாளு பாத்தா ஊசி ரெண்டா தெரியுது! இல்லாத ஊசியில நூலக் கோத்துக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரரும் ரெண்டு பேரா நிக்கிறாரு. ரெண்டு பேர்கிட்டயும் தண்ணி கேட்டேன்… ரெண்டும் அசையல!

இங்க இருந்த கண்ணு டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு, வயசாச்சு"ன்னு கண்ணாடிய மாத்திக் குடுத்தாரு. அப்புறம் ரெண்டு ஊசியும் பளிச்சுன்னு தெரிஞ்சுது!

பல் டாக்டர்கிட்ட, மென்னா தாடை கடுக்குதுன்னேன். நல்ல பல்லு ஒண்ணப் புடுங்கிட்டாரு. முடி வெட்டுற பொண்ணுகிட்ட, சீப்பு பட்டாலே தலை வலிக்குதுன்னேன். எண்ணெய் பாட்டிலக் கையில திணிச்சுட்டா.

அப்புறம் இதே பெஞ்சுலதான்… பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தேன், பாதியில தாடையப் புடிச்சுக்கிட்டேன். அந்தப் பக்கம் போன சின்ன டாக்டரம்மா அப்படியே நின்னுட்டாங்க. "மெல்லும்போது வலிக்குதா? தலை சீவினா?" அடேயப்பா, ஜோசியம் மாதிரி! நெத்திப்பொட்டுல விரல வெச்சுப் பாத்தாங்க. ரத்தக்குழாய் வீக்கமாம், ஜயண்ட் செல்லுன்னு என்னமோ பேரு. கண்ண அசைக்கிற நரம்புக்கு ரத்தம் போகலியாம். இந்த வியாதி இப்படி ரெண்டா காட்டுறது அபூர்வமாம். ரத்தம் எடுத்தாங்க. பொட்டுல அந்தக் குழாயில ஒரு துண்டு வெட்டி எடுத்து சோதிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடியே, அன்னிக்கே மாத்திரை. விட்டிருந்தா பார்வையே போயிருக்குமாம்!

அந்த மாத்திரைதான் தம்பி இப்பப் பேசுது. தூக்கமில்ல, ஒரே பசி, வாய் நிக்க மாட்டேங்குது.

"இதெல்லாம் ஏம்மா கண்ணு டாக்டர்கிட்ட சொல்லல?"ன்னாங்க அந்த டாக்டரம்மா. அதெப்படிங்க? கண்ணு டாக்டர்கிட்ட தாடையப் பத்தியா? என் கடைக்கு வந்து யாராவது செருப்பு பிஞ்சுபோச்சும்பாங்களா?

ம்… அது வெளிய சொல்ற பதிலு. நெசம் என்னன்னா, பயம். எல்லாத்தையும் ஒரே எடத்துல சொன்னா, இனிமே தைக்காதன்னுடுவாங்களோன்னு. ஆளுக்கொரு துண்டா வெட்டிக் குடுத்தேன். நானே வெட்டிட்டு, சட்டை சேரலன்னு மூணு பேரத் திட்டிக்கிட்டு இருக்கேன்!

அட, எந்திரிச்சிட்டீங்களா? உங்களக் கூப்பிடவே இல்லியே… சரி சரி, உள்ள போனா முழங்கால் வலிச்சாலும் சொல்லிடுங்க. செவத்தத் தடவாதீங்க தம்பி, கதவு நேரா இருக்கு. ஒண்ணுதான்… எனக்கே ஒண்ணுதான் தெரியுது!