ஆரஞ்சுத் தோல் வாசனை

காபி போடுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை சார். ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஏறி இறங்கும் கம்பி வலை, கொதி அடங்கிய வெந்நீர், அப்போதே அரைத்த பொடி. ஊற்றிவிட்டு நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு வலையை மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் சப்பென்று இருக்கும், அசந்தால் கசந்துவிடும்.

என் மனைவிக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. குற்றமாகச் சொல்லவில்லை. நான் போட்டுக் கொடுக்கும் காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். பதினெட்டு வருடம் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலக மேலாளரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். மனைவியின் அண்ணனும் இருந்தார். அவர்கள் முன்னால் காபிக்கொட்டையை எடை போட்டு, அரைத்து, விளக்கம் சொல்லிக்கொண்டே போட்டேன். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினேன்.

"முதல்ல ஆரஞ்சுத் தோல் வாசனை. அப்புறம் தேன். உயரமான மலையில விளையுற கொட்டைக்குத்தான் இது வரும்."

மேலாளரும் கண்ணை மூடி, "ஆமா, தேன்" என்றார்.

மனைவி சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க மலைக் கொட்டை தீர்ந்து மூணு மாசமாச்சு. தெருமுனைக் கடையில வாங்கித்தான் ஜாடியை ரொப்பறேன்."

மேலாளருக்குச் சிரித்துப் புரையேறியது. மச்சான் என் முதுகில் தட்டினார். "மாப்ளே, நாக்கை ஒரு தடவை சோப்பு போட்டுக் கழுவிப் பாருங்க."

நானும் சிரித்தேன். மறுநாள் முதல் அலுவலகத்தில் யார் டீ கொண்டுவந்தாலும், "இன்னிக்கு என்ன பழம் சார்?" என்று என்னைக் கேட்டார்கள்.

நான் பழிவாங்குகிற ஆள் இல்லை. நல்ல கொட்டையாக நானே வாங்கிவந்து, ஜாடியில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். விஷயம் அதோடு முடிந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை அலமாரி மேல் இருக்கும் பழைய பெட்டிகளைத் தூசி தட்டச் சொன்னேன். தூசி அவளுக்கு ஆகாது, இழுப்பு வரும். ஆனால் வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? நான் குடுவையில் வெந்நீர் ஊற்றி முடித்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்ஹேலர்... வெச்ச இடத்துல... இல்லைங்க."

"நாலு நிமிஷம் பொறு. வலையை அழுத்திட்டு வர்றேன்" என்றேன். அவளுக்கும் தெரியட்டும் என்று கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

தரையில் உட்கார்ந்தாள். இரண்டாவது நிமிடம் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். குடுவை ஆடும் என்று சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன். மூன்றாவது நிமிடம் கையை எடுத்துவிட்டாள். ஒருவழியாகப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான்காவது நிமிடம் அழுத்தினேன். ஊற்றிக் குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

வீடு முழுக்க இன்ஹேலரைத் தேடியதாக நேற்று வாக்குமூலத்தில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அது காலையிலிருந்தே என் சட்டைப் பையில்தான் இருந்தது. மெல்லிய துணி, கீழே உட்கார்ந்திருந்த அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய காபியில் முதலில் ஆரஞ்சுத் தோல், பிறகு தேன். சந்தேகமே இல்லை. நான் வாங்கித் தந்த பொட்டலம் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது என்கிறீர்கள். அவள் கைப்பையில் தெருமுனைக் கடை ரசீது இருந்தது, திங்கட்கிழமை, அரைக் கிலோ கொட்டை என்கிறீர்கள்.

அதை அவள் வேறு யாருக்காவது வாங்கியிருப்பாள் சார்.