மூணாவது ஓலை

சிரிக்க வைக்கிறேன்னு சொல்லித்தானே பக்கத்துல உக்காந்தேன், வைப்பேன் மாமா. பொறுங்க. ஃபெர்ரி இப்பத்தான் பாம்பூஃப்ளாட்ட விட்டிருக்கு. சாத்தாம் ஜெட்டி வாறதுக்குள்ள சிரிச்சிருவிய.

முதல்ல டிக்கெட் கிழிக்கிற தாதா குரல். அரே பாய், சுட்டா தோ, சுட்டா! பாத்தியளா, அந்தாளே திரும்பிப் பாக்காரு. சில்லறை இல்லாதவனக் கடல்ல தள்ளிருவாரு போல. சிரிப்பு வரலியா? உங்க மூஞ்சி ஏன் மாமா உப்புல போட்ட சூரை மாதிரி இருக்கு?

சரி, அடுத்து உங்க கூடப்பொறந்த தங்கச்சி, எங்கம்மா குரல். ஏ பிரிஸ்கில்லா, ஒரு வாய் தின்னுட்டாவது அழுடீ! ஒரு வாரமா வீட்ல இதான் ஓடுது. அக்கா தின்னவும் இல்ல, பேசவும் இல்ல. டெர்வின் அண்ணன் மெயின்லேண்டுக்கு டிக்கெட் எடுத்துட்டாரு, புதன்கிழமைக் கப்பல். நாலு வருசமா காதலிச்ச பொண்ணத் தங்கச்சின்னு கூப்பிடச் சொன்னா அந்த மனுசன் இங்க எப்டி இருப்பாரு?

தெரிஞ்ச கதைதான். என் வாயால ஒருக்கா கேளுங்களேன். கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. டெர்வினுக்கும் பிரிஸ்கில்லாவுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு. மூணாவது ஓலைக்கு முந்தி ஃபாதருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. எங்கப்பாவுக்கும் டெர்வின் அண்ணனோட அம்மா சூசைமேரிக்கும் திக்லிபூர்ல பழக்கமாம், அதுல பொறந்ததாம் டெர்வின் அண்ணன். ரெண்டும் ஒரே அப்பன் பிள்ளைங்களாம். சூசைமேரியம்மா மகனுக்கு அப்பன் யாருன்னு சாகுற வரைக்கும் வாயத் தொறக்கல. எங்கப்பா கடல்ல போயி ஆறு வருசம். இல்லைன்னு சொல்ல யாரு எந்திரிச்சு வருவா? கெட்டிக்காரன் மாமா, எழுதுனவன்.

ஊரே எங்கப்பாவத் திட்டுச்சு. நீங்க மட்டும், செத்தவனத் திட்டாதீங்க, விட்ருங்கன்னிய. எவ்ளோ நல்ல மனசு!

நான் எல்லார் குரலும் பண்ணுவேன், எங்கப்பா குரல மட்டும் பண்ண மாட்டேன். அக்கா அழுது கேட்டும் பண்ணல. அத நான் பத்திரமா வச்சிருக்கேன். அதுல போயி கை வச்சிட்டான் அந்தக் கடுதாசிக்காரன்.

எங்க நகர்றிய? உக்காருங்க. சுத்தித் தண்ணிதான்.

இனி நம்ம ஃபாதர். தொண்டை ஆபரேசனுக்குப் பெறவு அவருக்குக் கீச்சுக் குரல்லா, கண்ண மூடிக் கேட்டா பொம்பளை பூசை வைக்கிற மாதிரி இருக்கும். அதப் பண்ணிக்காட்டி நான் முழங்கால்ல நின்னப்ப, சின்னப்பிள்ளை, விட்ருங்க சாமின்னு நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போனிய. போற வழியெல்லாம் சிரிச்சிய.

முந்தாநாள் ஃபாதர் உங்க லேத்துப் பட்டறைக்குப் போன் பண்ணுனாரு இல்ல? எனக்கெப்டித் தெரியுமா? இருங்க, வாறேன். இது புது நம்பர், பழைய போன் தண்ணியில விழுந்துட்டு, சிக்னலும் சரியில்லைன்னாரு. வியாகுலம், கடுதாசி உன் கையெழுத்துன்னு தெரிஞ்சுபோச்சு, உண்மையச் சொல்லுன்னாரு. நீங்க அழுதிய. திக்லிபூருக்கு எஞ்சின் வேலைக்குப் போயி ஆறு மாசம் இருந்தது நாந்தான் சாமி, டெர்வின் என் பிள்ளை, மச்சான் அந்த ஊரையே பாத்ததில்லைன்னிய.

நீங்க அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா கல்யாணம் நின்னே இருக்காது மாமா! தாய்மாமன் மகன், அக்காவுக்கு முறைப்பையன்லா? சொந்தத்துல கட்டுறதுக்கு பிஷப்பு ஒரு தாள்ல அனுமதி எழுதிக் குடுத்தாப் போதும். அனுமதியில்லாமக் கட்டுனா பாவம், கேட்டா அந்தத் தாள்ல அப்பன் பேரு கேப்பாங்களேன்னு பயந்து, செத்த மச்சானை அப்பனாக்கிட்டிய.

கடைசியா என்ன கெஞ்சுனிய? பாவசங்கீர்த்தனமா வச்சுக்குங்க சாமி, வெளிய விட்றாதீங்க. அதுக்கு ஃபாதர் என்ன சொன்னாரு? அவரு குரல்லயே சொல்றேன், கேளுங்க. இதான் அந்தச் சிரிப்பு.

வியாகுலம், மகனே, நீ சொன்னது என் காதோட போச்சு. பக்கத்துல யாரும் இல்ல. சமாதானமாப் போ.

அக்கா இருந்தா. டெர்வின் அண்ணன் இருந்தாரு. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு.

ஆங், போன்ல பேசுனது யாருன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு! கையெழுத்தெல்லாம் சும்மா. ஊரே திட்டுறப்ப நீங்க மட்டும் திட்டலைல்ல, அது உறுத்துச்சு, கல்லு எறிஞ்சு பாத்தேன். ஏன் எந்திரிக்கிய? ஜெட்டி இன்னும் வரல. நான் போயி ஃபாதர்ட்ட சொன்னா மறுபடி முழங்கால்லதான் நிக்கணும், அதனால நீங்களே சொல்லுங்க. அந்தா, ஜெட்டி மேல நிக்காரு, நிஜமான ஃபாதரு. பக்கத்துல வெள்ளச் சட்டை போட்டுக் கைய ஆட்டாம நிக்கிறது யாருன்னு தெரியுதா? உங்க பிள்ளை. கப்பல் டிக்கெட்டு இன்னும் சட்டைப் பையிலதான் இருக்கு.