இருபது பாத்தி பார்லி

— திரும்பப் படி, நோரா. அப்பாவோட பார்லி தோத்துடுச்சுன்னு பீர் ஆலைக்காரன் எழுதியிருக்கானா?

— தோத்ததுன்னு எழுதல அண்ணே. பத்துப் பாத்தி நம்ம விதை, பத்துப் பாத்தி பக்கத்து டியர்னி வீட்டு விதை, ஒரே வயல்ல மாத்தி மாத்திப் போட்டாங்கல்ல? சராசரி பார்த்தா பாத்திக்கு ரெண்டு ராத்தல் அவங்களுக்குக் கூட.

— ரெண்டு ராத்தல். அவனுக்கு.

— முழுசாக் கேளு. "இரண்டு விதையும் ஒன்றே என்று வைத்துக்கொண்டோம். அப்போதும் மண்ணாலும் மழையாலும் மட்டுமே இவ்வளவு இடைவெளி, மூன்று தடவைக்கு ஒரு தடவை வரும். ஆகவே வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது."

— நம்ம ஹெஃபர்னன் விதையும் டியர்னி விதையும் ஒண்ணா? டப்ளின்ல நாற்காலியில உக்காந்துட்டு இதை எழுத அவன் யாரு?

— ஒண்ணுன்னு சொல்லலயே. வேறன்னு சொல்ல இது போதாதுங்கறான். அதனால ரெண்டு வீட்டுப் பார்லியையும் ஒரே குவியலா வாங்கிக்கலாமான்னு கேக்கறாங்க. மிக் டியர்னி சரின்னுட்டானாம்.

— அவன் சொல்லுவான். மூட்டை மேல போட நம்ம பேர் மாதிரி பேர் அவனுக்கு இருக்கா? முடியாதுன்னு எழுது. போதாதுன்னா இன்னும் நாப்பது பாத்தி போடட்டும்.

— கோபத்துல அப்படியே அப்பா மாதிரி இருக்க.

— அப்பா கை வாசம் ஞாபகம் இருக்கா உனக்கு?

— ஞாயித்துக்கிழமை பூசையில பக்கத்துல முட்டி போட்டாக்கூட பார்லி வாசம்தான். சோப்புக்கெல்லாம் போகாது.

— அந்தக் கையில இருந்து வந்த விதை. அவர் போன அடுத்த வசந்தம் நான் காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட நீ ஒத்தையா விதைச்சுக் காப்பாத்தின. அந்த அறுப்பு முடிஞ்சுதான் மிக் உன்னைப் பொண்ணு கேட்டு வந்தான். என்ன சொல்லி அனுப்பினேன்?

— "உன் விதைக்கு எங்க மண்ணுல இடமில்ல." உள்ள கூப்பிடாம, வாசல்லயே நிக்க வச்சு.

— பின்ன? அந்த வருஷக் கதிர் மாதிரி அப்பா காலத்துலகூட நான் பார்த்ததில்ல.

— மிக்கும் பார்த்தான். சிரிச்சுக்கிட்டே தொப்பியை மாட்டிட்டுப் போனான்.

— சிரிக்க என்ன இருக்கு அதுல?

— அந்த வசந்தம் விதைக் குதிர்ல எலி பூந்து ஒரு மணி மிச்சம் வைக்கல, அண்ணே. அவங்க விதையில நாலு மூட்டையை வேலிக்கு மேல தூக்கிக் குடுத்தது அவன்தான். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னான், இருபத்தெட்டு வருஷமா சொல்லல. நீ வேணா இன்னும் நாப்பது பாத்தி போடச் சொல்லு.