பூ இல்லாத எட்டாம் படம்

தூக்கம் துரத்தினாலும் தலைமை துறவாத தலைவர் தியாகலிங்கம் அவர்களே, வீதியெங்கும் பனி விழுந்தும் விட்பியிலிருந்து வேளைக்கு வந்து சேர்ந்த பெரியோர்களே, வடை வைத்த மேசைக்கு அருகில் வரிசை பிசகாமல் வீற்றிருக்கும் தாய்மார்களே, அஜின்கோர்ட் அன்பர்களே, வெக்ஸ்போர்ட் வேந்தர்களே, "பத்து நிமிசத்துக்கு மேல கதைச்சா நான் வீட்டை போறன்" என்று சொல்லிவிட்டு, கைமணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்கும் என் துணைவியார் பேபி அவர்களே, உங்கள் அனைவருக்கும் செயலாளர் இராஜரட்ணத்தின் பணிவான வணக்கம்.

1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸ்காபரோப் பள்ளிக்கூட மண்டபமொன்றில், நூறாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் வாழ்ந்த ஒரு ஓவியருக்கு விழா எடுக்கிறோம். படங்கீறி வினாசித்தம்பியர். அவர் மன்னரைக் கீறினாரா? இல்லை. மாளிகையைக் கீறினாரா? இல்லை. கட்டிய மனைவியையாவது கீறினாரா? அதுவும் இல்லை, அதற்காக அந்த அம்மையார் அவரை மன்னிக்கவும் இல்லை. அவர் பூவைக் கீறினார். பொழுதெல்லாம் பூவையே கீறினார். எஞ்சிய எட்டுப் படங்களில் ஏழு இந்தச் சுவரில் தொங்குகின்றன. எட்டாவதன்மேல் திரை கிடக்கிறது.

திரை ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். முதலில் குற்றவாளியைக் காட்டுகிறேன். அவன் உங்கள் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

உங்கள் கையிலுள்ள அழைப்பிதழைப் பாருங்கள். முகப்பில் இருப்பதுதான் எட்டாவது படம். இலை செவ்வரத்தையினது, செம்பருத்தி என்றும் சொல்வார்கள். காம்பு செவ்வரத்தையினது. பூ?

ஓம் அண்ணை, உது றோசாதான். நானூறு வீட்டுக்கு அனுப்பியாச்சு, நீங்கள்தான் முதல் கண்டுபிடிச்சிருக்கிறியள்.

நடந்தது இதுதான். அசல் படத்தில் பூவே இல்லை. ஒரு கொத்து இலை, நடுவில் மொட்டைக் காம்பு, கீழே பென்சில் கிறுக்கல். பூ ஓவியருக்கு விழா எடுத்துவிட்டுப் பூ இல்லாத படத்தை முகப்பில் போட்டால் சபை சிரிக்காதா? மங்கல காரியத்துக்கு மொட்டைக் காம்பா? பாதியில் விட்ட படத்தை நாங்கள் நிறைவாக்குவோம் என்று பெருமையோடு முடிவெடுத்தேன். அதன் நகலொன்றைக் கடைப் பெயர்ப்பலகை எழுதும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அந்தக் கிழமை ஒரு பூக்கடை வான் வண்டிக்கு றோசா கீறிக்கொண்டிருந்தார். கை ஓடிய பக்கம் பூவும் ஓடிவிட்டது. கிறுக்கலை அழுக்கென்று நினைத்து அழிக்கச் சொன்னதும் அடியேன்தான்.

படங்களின் உரிமையாளர் மகேஸ்வரன், வினாசித்தம்பியரின் பூட்டப்பிள்ளை, அதோ மூன்றாவது கதிரையில் இருக்கிறார். 1995இல் சனங்களோடு சனமாக ஊரை விட்டு நடந்தபோது, உடுப்புப் பையை விட்டுவிட்டு இந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். ரொறன்ரோ விமான நிலையத்தில் கொடுத்த படிவத்தில், பூ ஏதும் கொண்டுவருகிறீர்களா என்று கேட்டிருந்ததாம். பொய் சொல்லக்கூடாதென்று ஓம் என்று அடையாளமிட்டார். அதிகாரிகள் ஒன்றரை மணித்தியாலம் பூவைத் தேடினார்கள். அத்தனை நேர்மையான மனிதர் நம் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கத்தவில்லை.

"அண்ணை, எட்டையும் நான் கொண்டுபோறன். பெட்டி கொண்டு வாறன்."

கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கினார். அந்தக் காம்பின் கதையை இந்த மேடையில் நானே சொல்லவேண்டும். கேட்டபின் மனம் ஆறினால் அவரே திரையை விலக்குவார். ஆறாவிட்டால் படங்களோடு போவார். அவர் காலடியில் அந்த மரப்பெட்டி இருக்கிறது. விழா நடக்குமா நடக்காதா என்பது என் நாக்கின் நுனியில் இருக்கிறது, நண்பர்களே.

வினாசித்தம்பியர் பறித்த பூவைக் கீறமாட்டார். செடியில் நிற்க வேண்டும், வெயில் விழ வேண்டும், வண்டு வர வேண்டும். ஆனால் சுதுமலையில் வெயில் விழும்வரை எந்தப் பூ செடியில் நின்றது? விடியுமுன் கூடையோடு வருவார்கள். நந்தியாவட்டை போகும், அலரி போகும், மல்லிகை போகும். எல்லாம் சுவாமிக்கு. சுவாமியோடு யார் சண்டை பிடிப்பது?

வினாசித்தம்பியர் பிடித்தார். முகர்ந்த பூவைச் சுவாமிக்கு வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆகவே கூடைக்காரருக்கு முன் எழும்பினார். வேலி வேலியாக, வீடு வீடாக, செடி செடியாக மூக்கை வைத்தார். மணமே இல்லாத செவ்வரத்தையையும் விடவில்லை. அது ரசனையா? இல்லை ஐயா, அது தடையுத்தரவு.

மூன்றாம் நாள் கோயிலில் பூ இல்லை. குருக்கள் வெறுங்கையோடு நின்றார். ஊர் கூடியது.

"எங்கட வேலிக்குள்ள உமக்கென்ன வேலை?" என்றார்கள்.

"வேலிக்குள்ள நான் வரேல்லை. மூக்குத்தான் வந்தது" என்றார்.

தீர்ப்பு என்ன தெரியுமா? விடிந்து ஒரு நாழிகை போகும்வரை வினாசித்தம்பியர் மூக்கைச் சால்வையால் கட்டிக்கொண்டுதான் தெரு ஒழுங்கையில் இறங்கலாம். சொந்த வீட்டு வளவுக்குள் மட்டும் அவிழ்க்கலாம். ஒரு கலைஞனின் மூக்குக்கு ஊரே கூடி ஊரடங்குச் சட்டம் போட்ட சம்பவம் வேறெங்காவது உண்டா?

தலைவரே, துண்டுச் சீட்டு கிடைத்தது, முடிக்கிறேன். பேபி, இன்னும் இரண்டு நிமிசம் இருக்கு.

சொந்த வளவில் ஒரே ஒரு செவ்வரத்தை. அதைக் காவல் காத்தவர் மனைவி வள்ளிப்பிள்ளை. "உங்கட மூக்கால ஊரில என்னோட ஒருத்தரும் கதைக்கினமில்லை" என்று திட்டித் திட்டியே காவல் காத்தார். அந்த நாள்களில்தான் வினாசித்தம்பியரின் கண்ணில் புகை படரத் தொடங்கியது. எட்டாம் படத்துக்கு முதல் நாளே இலையைக் கீறி, பூவுக்கு நடுவில் இடம் விட்டு வைத்தார். விடிந்தது. பூ விரிந்தது. வழக்கம்போல முகர்ந்துவிட்டு, தூரிகைக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தார். பூ இல்லை.

பறித்தது யார்? வள்ளிப்பிள்ளை. கணவனின் கண்ணுக்காக முருகனுக்கு நேர்த்தி வைத்துப் பறித்துக்கொண்டு போனார். கோயிலடியில் பெண்கள் மறித்தார்கள். "உந்த மணந்த பூவையோ வைக்கப் போறாய்?" என்றார்கள்.

வள்ளிப்பிள்ளை சொன்னார்: "அந்த மூக்கையும் அவர்தானே படைச்சவர். கோவிக்கமாட்டார்."

கண் தெளிந்ததா? இல்லை. அதுவே அவருடைய கடைசிப் படம். வினாசித்தம்பியர் மனைவியைக் கோபித்தாரா? அதுவும் இல்லை. கலங்கிய கண்ணோடு பொழுது சாயும்வரை இருந்து, பூ போன அந்தக் காம்பைக் கீறினார். பறித்த இடத்தில் கசிந்த துளியைக்கூட விடாமல் கீறினார். கட்டிய மனைவியை அவர் கீறவே இல்லை என்று சற்றுமுன் சொன்னேன். தவறு, சபையோரே. அந்தப் படத்தில் கீறியிருக்கிறார். அந்த இடத்தில்தான் பூக்கடை வண்டிக்குக் கீறிய றோசாவை நான் ஒட்டுவித்தேன். வெட்கப்படுகிறேன். மகேஸ்வரன், மன்னித்துக்கொள்ளும்.

மகேஸ்வரன் எழும்புகிறார். பெட்டியைத் தூக்குகிறார். பேபி, இரும், போகாதையும். அவர் சுவருக்குத்தான் போகிறார். பெட்டியைத் திரைக்குக் கீழே வைக்கிறார். அதன்மேல் ஏறுகிறார். திரை உயரம் அண்ணை, எட்டவில்லை, அதுக்குத்தான் ஏறுறார்.

பாருங்கள். இலை. காம்பு. துளி. கீழே, நகலில் நான் அழுக்கென்று அழிப்பித்த பென்சில் எழுத்து. பின்வரிசைக்குத் தெரியாது, நான் வாசிக்கிறேன், கண்ணாடி எங்கே, நன்றி தலைவரே.

"பூ கோயிலுக்குப் போயிருக்கிறது."

வந்தவர்க்கும், பொறுத்தவர்க்கும், பெட்டியை இறக்கி வைத்தவர்க்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.