சுவருக்கும் இரண்டு அங்குலம்

அவைக்குத் தலைமை ஏற்று, அடியேனுக்குப் பத்தே நிமிடம் அளந்து கொடுத்திருக்கும் அச்சக உரிமையாளர் அய்யா அவர்களே! இன்றைய பாராட்டு விழாவின் நாயகி, எங்கள் வக்கீலம்மா அவர்களே! பெரியோர்களே! வழக்கு நடந்த நாளெல்லாம் நீதிமன்ற வராந்தாவில் கால்கடுக்கக் காத்திருந்த தாய்மார்களே! முதல் வரிசையில் இன்னமும் முழங்காலை மடக்கியே அமர்ந்திருக்கும் பஸ் ஓட்டுநர் அண்ணே! அனைவருக்கும் வணக்கம்.

நான் தையற்காரன். ஊர்வலத்துக்குக் கொடி தைத்தது என் குற்றம். ஆள் ஏற்றி வந்தது அண்ணன் குற்றம். இப்படி ஆறு பேர், சிறையில் ஒரே அறையில்! மூவர் படுத்தால் மூவர் நிற்க வேண்டும். என்ன, அங்கே சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், இன்று எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை ஆணை வந்தது. வியாழனன்று எங்களை ராணுவ முகாமுக்கு மாற்றுகிறார்களாம். அங்கே வக்கீல் வர முடியுமா? முடியாது. மனைவி முகம் பார்க்க முடியுமா? முடியாது. செத்தோமா பிழைத்தோமா என்றாவது வெளியே தெரியுமா? அதுவும் தெரியாது! அன்றே வக்கீலம்மா ஓடி வந்தார்.

"மாத்தக் கூடாதுன்னும் கேப்போம், இந்த அறையைப் பத்தியும் கேப்போம். அறை எவ்வளவுன்னு அளந்து குடுங்க" என்றார்.

அறைக்குள் டேப் ஏது? ஒரு நூலைச் சுவரோடு பிடித்து முடிச்சுப் போட்டேன். இடுப்பில் சுற்றிக்கொண்டு போய்ச் சிறைத் தையற்கூடத்து டேப்பில் வைத்து எழுதிக் கொடுத்தேன். நீளம் எட்டடி இரண்டு அங்குலம், அகலம் ஆறடி இரண்டு அங்குலம்.

புதன்கிழமை விசாரணை. எங்களையும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். அரசு வக்கீல் சிறை ஏட்டைக் காட்டி, "அறை பத்துக்கு எட்டு, தாராளமா இருக்கு" என்றார். நீதிபதி அம்மா அப்போதே ஓர் அலுவலரை அனுப்பி அளக்கச் சொன்னார். வந்த அளவு என்ன? எட்டுக்கு ஆறு!

அரசு வக்கீல் விட்டாரா? துள்ளி எழுந்தார். "மனுவுல இருக்கிற அளவும் தப்பு! பொய் மனு, தள்ளுபடி பண்ணணும்!"

என் இரண்டு அங்குலத்தால் ஆறு குடும்பம் அழியப் போகிறதே! நீதிபதி என்னைப் பார்த்தார்.

"தப்புதாங்கம்மா. துணி வெட்டுறப்ப தையலுக்கு ரெண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதுவேன். கை பழகிப்போச்சு. சுவருக்கும் கூட்டிட்டேன்."

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை.

"பொய் சொல்றவர் அறையைச் சின்னதாக் காட்டுவாரு. இவர் பெரிசாக் காட்டியிருக்காரு. ஆனா உங்க ஏடு ரெண்டடி கூட்டியிருக்கே? அறையைப் பத்தியே உண்மை சொல்லாதவங்களை நம்பி, ஆறு பேரை யாரும் பாக்க முடியாத இடத்துக்கு எப்படி அனுப்புறது?"

மாற்றல் ரத்து! ஓர் அறைக்கு இருவர் மட்டுமே! வராந்தாவில் என் மனைவி வாய்விட்டு அழுத சத்தம் உள்ளே கேட்டது. எட்டு மாதம் கழித்து வழக்கிலும் விடுதலையானோம்.

அன்பர்களே! ஆள்வோரிடம் அரண்மனையா கேட்டோம்? அடைத்துத்தான் வைப்பீர்கள் என்றால், அடைபட்டவன் மனிதன் என்பதற்காகக் கொஞ்சம் கூட்டி வெட்டுங்கள்! மூச்சு விட இரண்டு அங்குலம்! முறையிட இரண்டு அங்குலம்! மனைவி மக்கள் முகம் பார்க்க இரண்டு அங்குலம்! இதைக் கேட்பது குற்றமா? கேட்டு வாங்கித் தந்த எங்கள் வக்கீலம்மாவுக்கு நான் தைத்த இந்தக் கறுப்பு அங்கியைக் காணிக்கையாக்குகிறேன். உள்ளே துணி விட்டிருக்கிறேன் அம்மா, எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

தலைவர் மணியடிக்கிறார். பேச்சிலும் கூட்டிவிட்டேன் போலும், பொறுத்தருள்க. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஓட்டுநர் அண்ணே, எதிரே சுவர் இல்லை. காலை நீட்டுங்கள், நன்றாக நீட்டுங்கள்!