நிழலுக்காக எடுத்த ஃபிலாசஃபி

தாம்பரத்தில் ஒரு கல்லூரி. பி.யு.சி. முடித்தவர்களைப் பட்ட வகுப்பில் சேர்க்கும் நாட்கள். மகனுக்குக் கணிதத்தில் இடம் கேட்டு நானும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவனுடைய மார்க் ஷீட் சட்டைப்பையில் இருக்கிறதா என்று பதினோராவது முறையாகத் தடவிப் பார்த்தபோது, பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"அக்கா, நான் ஃபிலாசஃபி எடுத்தது வெயில் தாங்காமத்தான்."

பெருங்களத்தூரிலிருந்து வந்த புது மாணவி. புதியவர்களுக்கு உதவ நின்ற சீனியர் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றே?"

"நேத்து கெமிஸ்ட்ரி க்யூ வெயில்ல இருந்துச்சு. அம்மாவுக்குத் தல சுத்துச்சு. எல்லாம் ஒரே ஆபீஸ்தானேன்னு நிழல்ல இருந்த க்யூவுக்கு வந்துட்டோம். ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். கேட்டா சிரிப்பாங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நாலு மணிக்குள்ள கெமிஸ்ட்ரி சார் கையெழுத்துப் போட்டா மாத்திடலாம். வா."

"திட்டுவாரா?"

"திட்டிக்கிட்டே போடுவார். போன வருஷம் எனக்கும் அப்படித்தான்."

"நீங்களும் நிழல்ல நின்னீங்களாக்கா?"

"நான் ஃபேன் இருந்த ரூமுக்குள்ள போயிட்டேன். அது ஹிஸ்டரி."

இருவரும் ஓடினார்கள். அரை மணி கழித்து அந்தப் பெண், கையெழுத்தான தாளோடு கொளுத்தும் வெயிலில் கெமிஸ்ட்ரி வரிசையில் நின்றாள். "நல்லாத் திட்டினார்க்கா!" என்று முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் நான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் தூங்குமூஞ்சி மரம், அருமையான நிழல். இது எந்த வரிசை என்று முன்னால் நிற்பவரைக் கேட்கலாம். கேட்டால் சிரிப்பாரே! சட்டைப்பையைப் பன்னிரண்டாவது முறையாகத் தடவிக்கொண்டு, பேசாமல் வெயிலுக்கு நடந்தேன்.